எதிர்வினை என்னும் சொல்

நியூட்டன் வகுத்த இயக்க விதிகளுள் மூன்றாவதைப் போல, பள்ளிக்கூடத்தை விட்டு நெடுங்காலம் ஆனவர்களுடைய நாவிலும் தடையின்றிப் புழங்குகிற சாஸ்திர வாக்கியம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்பதைக் குடும்பச் சச்சரவுக்கும் தேர்தல் தோல்விக்கும் ஊர்ப் பகைக்கும் மேற்கோளாக எடுத்துக் காட்டுவோர் பலர். இன்று அடித்தவன் நாளை அடிபடுவான் என்னும் நம்பிக்கையையே அவர்கள் அதிலே காண்கிறார்கள். விதியிலோ ‘நாளை’ என்பதற்கு இடமே கிடையாது. இல்லாத பொருள் எப்படி வந்து ஏறிக்கொண்டது என்று தேடப் புகுந்தால், அந்த விதியைச் சுமந்து வந்த பதத்தின் சரித்திரத்தை ஆதியிலிருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய லத்தீன் மொழியில் ‘அக்டியோ’ என்றால் செய்கை; அதற்கு எதிர்ப்பதமாக நின்றது ‘பாஸியோ’, அதாவது செய்கைக்கு உட்படுதல். நம் இலக்கணத்தார் செய்வினை என்றும் செயப்பாட்டுவினை என்றும் பிரித்தது போன்ற பாகுபாடுதான் இது. ‘ரியாக்டியோ’ என்ற சொல்லையோ பழைய ரோமானியர் அறியார். அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு உரை எழுதிய இடைக்கால வித்துவான்களே அதை உண்டாக்கினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் இட்டால் தண்ணீர் சூடேறுகிறது, இரும்பும் குளிர்கிறது. ஆகவே செய்கிற பொருளும் தான் செய்யும்போதே செய்கைக்கு உட்படுகிறது என்று கண்ட அவர்கள், அந்த மறுதலைச் செய்கைக்கு ஒரு பெயர் தேடியபோது பிறந்த சொல் அது.

அந்தச் சொல்லைத்தான் 1687-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிரின்சிபியா’ என்னும் மகா கிரந்தத்தில் நியூட்டன் எடுத்துக்கொண்டார். அவருடைய வாக்கியத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு என்பதையும், உலகம் முதற்பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவதைக் கைவிட்டுவிட்டது என்பதையும் நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். செய்கைக்கு எதிராகச் சமமான மறுசெய்கை உண்டு என்று கூறிய உடனேயே, இரண்டு பொருள்கள் ஒன்றன்மீது ஒன்று பரஸ்பரம் செலுத்தும் செய்கைகள் அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருக்கும் என்று அவரே அதை விளக்கிவிடுகிறார். பரஸ்பரம் என்பதுதான் இங்கே உயிர்நாடி. கல்லை விரலால் அழுத்தினால் விரலும் கல்லால் அழுத்தப்படுகிறது. கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுத்தால் குதிரையும் கல்லை நோக்கி இழுக்கப்படுகிறது. இவை அவரே காட்டிய உதாரணங்கள்.

வெறும் தர்க்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ரென், வாலிஸ், ஹைகன்ஸ் ஆகிய அறிஞர் மூவரும் மோதல்களைப் பற்றி முன்னரே கண்ட முடிவுகளைப் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டு, கம்பளி உருண்டைகளையும் எஃகு, கண்ணாடி, தக்கை ஆகியவற்றாலான குண்டுகளையும் ஊசலாகத் தொங்கவிட்டு மோதச் செய்து, காற்றின் தடையையும் கணக்கிலே சேர்த்துச் சோதித்தார். காந்தத்தையும் இரும்பையும் தனித்தனிப் பாத்திரங்களில் வைத்து அசைவற்ற நீரிலே மிதக்கவிட்டபோது, பாத்திரங்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு அப்படியே நின்றுவிட்டன. காந்தம் இழுப்பது மிகுதியாகவும் இரும்பு இழுப்பது குறைவாகவும் இருந்திருந்தால், அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தாமாகவே ஒரு பக்கமாக ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். காந்தம் ‘செய்கிறது’, இரும்பு ‘உட்படுகிறது’ என்ற பழைய பாகுபாடு அந்த நீரின்மேல் பொய்த்துப்போயிற்று.

ஆனால் சொல்லுக்கு வேறு கதி காத்திருந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியு 1734-இல் ரோமானியரைப் பற்றி எழுதியபோது செய்கை, மறுசெய்கை என்னும் ஜோடிச் சொற்களை அரசியலுக்குள் கொண்டுவந்தார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர், புரட்சியை எதிர்த்துப் பழைய நிலைக்குத் திரும்ப முயன்றோரைச் சுட்டுவதற்கு அதே சொல் பயன்பட்டது. நாம் பிற்போக்கு என்று வழங்குவது அதன் வழி வந்ததே. முதலில் ஒரு நிகழ்ச்சி, அதன்பின் அதற்கு எதிராக மற்றொன்று என்ற காலக்கிரமம் இந்த வழியாகத்தான் அந்தப் பதத்தில் உறுதியாகக் குடியேறியது.

தமிழுக்கு வந்தபோது இந்தக் காலக்கிரமம் இன்னும் ஆழமாக வேரூன்றியது. வடமொழியில் ‘பிரதிகிரியை’ என்றால் பரிகாரம் என்றும் பழிக்குப் பழி என்றும் பொருள். இரண்டும் பின்னால் வருபவை. ‘வினை’ என்பதோ தொல்காப்பியத்தின் வினையியல் முதல் நாம் அறிந்த செயல் என்ற அர்த்தத்தோடு, முன்செய்தது பின்வந்து பலன் தரும் என்ற கர்ம சித்தாந்தத்தின் பாரத்தையும் தாங்கிய சொல். அதன் முன்னே ‘எதிர்’ என்று சேர்த்ததும், ஒரு பௌதிக விதி தர்ம சாஸ்திரத்தின் சாயலைப் பெற்றுவிட்டது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் தாக்கம், மறுதாக்கம் என்னும் சொற்களில் கர்மத்தின் நிழல் இல்லை. ஆயினும் ‘மறு’ என்பது மறுமொழியைப் போலப் பிந்தியதொன்றையே நினைப்பூட்டுகிறது. விசை, எதிர்விசை என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்லும் வழக்கே இவற்றுள் மேலானது என்பது என் எண்ணம். பேசப்படுவது விசை என்பதையாவது அது ஒளிக்காமல் சொல்கிறது.

உண்மையில் நிகழ்வது ஒன்றே. ஒருவன் மற்றொருவனுக்கு நூறு ரூபாய் கொடுத்தால், கொடுத்தவன் ஏட்டில் செலவென்றும் வாங்கியவன் ஏட்டில் வரவென்றும் எழுதுகிறோம். கைமாறிய பணம் ஒன்றுதான், செலவு முந்தி வரவு பிந்தி என்பதும் இல்லை. அவ்வாறே இரு பொருள்களுக்கு இடையே உள்ள ஒரே சம்பந்தம் இரண்டு விசைகளாகக் கணக்கில் ஏறுகிறது. இரண்டு ஏடுகள் என்பதை மறவாதிருந்தால், இவ்விசைகள் சமமானால் ஒன்றையொன்று அழித்துவிடாவோ, வண்டி எப்படி நகரும் என்ற பழைய கேள்விக்கும் விடை கிடைக்கும். குதிரை வண்டியை இழுக்கும் விசை வண்டியின் கணக்கு. வண்டி குதிரையை இழுக்கும் விசை குதிரையின் கணக்கு. குதிரை முன்செல்வது, தன் குளம்பால் தரையைப் பின்னே தள்ளும்போது தரை அதை முன்னே தள்ளுவதால்.

மாணாக்கர் அதிகமாகத் தடுமாறும் இடம் மேசைமீது கிடக்கும் புத்தகம். அதன் எடை கீழ்நோக்கியும் மேசையின் விசை மேல்நோக்கியும் சமமாக நிற்பதைக் கண்டு, இவையே வினையும் எதிர்வினையும் என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, மேசை தரும் விசைக்குச் ‘செவ்வன் மறுதாக்கம்’ என்றே இலங்கைப் பாடநூல்கள் பெயர் வைத்திருக்கின்றன, ஆங்கில வழக்கும் அப்படியே. ஆனால் இவ்விரண்டு விசைகளும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுபவை. மேசையை வேகம் கூடிக்கொண்டே மேலே ஏறும் மின்தூக்கியில் வைத்தால் சமத்துவமும் போய்விடும். மூன்றாம் விதி அப்படி ஒருபோதும் தவறாது. ஒரு கிலோகிராம் புத்தகத்தைப் பூமி 9.8 நியூட்டன் விசையால் இழுக்கிறது. அதன் உண்மையான ஜோடி, அந்தப் புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுக்கும் அதே 9.8 நியூட்டன். பூமியின் நிறை 6-ஐ அடுத்து 24 பூஜ்யங்கள் இட்ட கிலோகிராம் ஆகையால் அந்த இழுப்பின் பலன் நம் கண்ணுக்கோ கருவிக்கோ எட்டாது. சந்திரனைப் போலப் பெரிய பொருளானால் எட்டும்: பூமியும் சந்திரனும் சுற்றிவரும் பொது மையம் பூமியின் நடுவில் இல்லை, அங்கிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

ஜோடியைக் கண்டுபிடிக்க நம் இலக்கணமே ஓர் உபாயம் தருகிறது. வாக்கியத்தின் எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றி, வினைச்சொல்லை மாற்றாமல் விட வேண்டும். பூமி புத்தகத்தை இழுக்கிறது. புத்தகம் பூமியை இழுக்கிறது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது. புத்தகம் மேசையைத் தள்ளுகிறது. மூன்றாவது பெயர் எதுவும் உள்ளே வரலாகாது. இதை மறந்தால் நேரும் பிழைக்கு ஓர் உதாரணம் உண்டு. 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, வெற்றிடத்தில் உதைத்துத் தள்ளுவதற்கு எதுவுமில்லையாகையால் ராக்கெட் அங்கே செல்லாது என்று ராக்கெட் ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோடார்டைக் குறைகூறி எழுதியது. அப்போலோ 11 சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று அதைத் திருத்திக்கொண்டது. ராக்கெட் வாயுவைத் தள்ளுகிறது, வாயு ராக்கெட்டைத் தள்ளுகிறது என்று எழுதிப் பார்த்திருந்தால், வெளியிலுள்ள காற்றுக்கு அந்த வாக்கியங்களில் இடமே இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.