கோயமுத்தூர் பேசிய மயிலாப்பூர் பேனா

சூலூர் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். 'ஏனுங்க, எங்கீங்க போறீங்க?' என்று யாராவது கேட்பார்கள். சண்டையில்கூட அந்த 'ங்க' விட்டுப் போகாது.

அதே பேச்சு 1995-ல் பாலுமகேந்திராவின் 'சதி லீலாவதி'யில் தியேட்டரையே குலுக்கியது. பேசியவர்கள் கமல்ஹாசன், கோவை சரளா. எழுதியவர்? அசல் மயிலாப்பூர்க்காரர் கிரேஸி மோகன்!

கிண்டியில் எஞ்சினீயரிங் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். 1976-ல் எஸ்.வி.சேகருக்காக எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகம்தான் அவருக்கு 'கிரேஸி' பட்டம் கட்டியது. இன்னொரு நாடகத்தை கே.பாலசந்தர் 1983-ல் 'பொய்க்கால் குதிரை' ஆக்கினார். பிறகு 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்' என்று கமலோடு கூட்டணி. நடுவில் டி.வி. தொடர்களும் உண்டு.

'சதி லீலாவதி'யின் பாதிப் பெருமை சரளாவுக்கு. கோவையில் பிறந்தவர், அந்த ராகம் நாக்கிலேயே இருந்தது. ஆனால், சிரிப்பை எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமில்லையா? நமக்கு நடிகர் முகம்தான் ஞாபகம். எழுதியவர் மறந்தே போகிறார்.

2019 ஜூன் 10-ல் மோகன் காலமானார். அடுத்த தடவை டி.வி.யில் அந்தப் படம் போட்டால், டைட்டில் ஓடும்போது காபி போடப் போய்விடாதீர்கள். 'வசனம்' என்று ஒரு வரி வரும். அதையும் படித்துவிடுங்கள்!