துணைக்கு இருப்பவர்கள்

கீழ்ப்பாக்கத்துக்கு 1871-ல் இடம் மாறிய சென்னைக் காப்பகம் உட்பட, அந்தக் காலத்து மனநோய்க் காப்பகங்களில் நோயாளியைச் சேர்த்ததும் குடும்பத்தின் வேலை வாசலோடு முடிந்தது.

1950-களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர் இதை மாற்றினார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, உறவினரையும் நோயாளியோடு தங்கவைத்தார். 1957-ல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் வீட்டார் உடன் தங்குவது சிகிச்சையின் பகுதியாயிற்று. மாத்திரையை விடாமல் கொடுப்பது எப்படி, நோய் திரும்பும் அறிகுறி எது என்பதெல்லாம் வீட்டாருக்கு அங்கேயே புரியத் தொடங்கின.

சென்னையில் ஆராய்ச்சியும் வளர்ந்தது. 1981-ல், மனச்சிதைவு நோய் முதன்முறை வந்த 90 பேரைப் பின்தொடரத் தொடங்கிய மருத்துவர்கள் அந்த ஆய்வை 25 ஆண்டுகள் கொண்டுசென்றார்கள். மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு இந்தப் பணிக்குத் தாயகமானது.

இந்த நோயில், மாயக்குரல் கேட்கத் தொடங்கிய நாளுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே காலம் நீள நீள, நோய் மருந்துக்குக் கேட்பது குறைகிறது. 1998-ல் வெளியான சென்னை ஆய்வொன்றில், மனச்சிதைவு இருந்த 261 பேரில் 75 பேர் ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாதவர்கள்.

பிறகு ஸ்கார்ஃப், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சென்னையில் 168 பேருக்கும் மாண்ட்ரியலில் 165 பேருக்கும் ஒரே முறையில் இரண்டாண்டு சிகிச்சை தந்தது. 2020-ல் வந்த முடிவு: பேச்சும் உணர்ச்சியும் ஆர்வமும் வற்றிப்போகும் அறிகுறிகளில் சென்னை நோயாளிகள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். சென்னையில் குடும்பங்களும் சிகிச்சைக் குழுவோடு அதிகத் தொடர்பில் இருந்தன.

சென்னையை அடுத்த தொழிற்பகுதியான சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கம், சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்ற இந்தச் செய்திக்குத் தனி அவசரம் உண்டு. இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும். வெளியூரிலிருந்து வந்து ஷிப்டு வேலை பார்ப்பவர்களில் பலருக்கும் அதே வயது. வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பேச்சு குறைவதையும் தூக்கம் கெடுவதையும் அங்கே முதலில் கவனிக்கக்கூடியவர் அம்மா அல்ல, அறைத்தோழி. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும் அவளுக்கும் விடுதிக் காப்பாளருக்கும் சூப்பர்வைசருக்கும் தெரிந்திருந்தால், சிகிச்சைக்கு முன் வீணாகும் மாதங்கள் குறையும்.