படைமுகாமிலிருந்து பள்ளிக்கு: ஆசிரியர் டால்ஸ்டாயிடம் எஞ்சியிருந்த படையதிகாரி

லியோ டால்ஸ்டாய் 1856ஆம் ஆண்டு இறுதியில் படைப்பணியைத் துறந்தார். 1859இல் தம் பண்ணையூரான யாஸ்னயா பொல்யானாவில் உழவர் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இதனை ஒரு மனமாற்றமாகக் கொள்வது வழக்கம். செவஸ்தபோல் முற்றுகையில் கண்ட சாவுகள் அவரைக் கல்விப்பணிக்குத் திருப்பின என்பது அவ்விளக்கம். நிகழ்வுகளைக் கால வரிசையில் வைத்து நோக்கின், இவ்விளக்கம் முழுதும் பொருந்தவில்லை.

கற்பிக்கும் விழைவு படைமுகாமிலேயே தோன்றிவிட்டது. பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த டால்ஸ்டாய், 1854இல் உடன் அதிகாரிகள் சிலருடன் சேர்ந்து படைவீரர்களுக்கென ஓர் இதழ் நடத்தத் திட்டமிட்டார். பேரரசர் முதலாம் நிக்கலஸ் அதற்கு இசைவளிக்கவில்லை. மறு ஆண்டில் படைச் சீர்திருத்தம் குறித்து அவர் எழுதத் தொடங்கி முடிக்காது விட்ட வரைவு, வீரனை அடித்து ஒடுக்கும் முறையைக் கடுமையாகச் சாடுகிறது. அதே காலத்தில், தாம் பிறந்த மாளிகையை விற்றுக் கிடைத்த பணத்தை அவர் சீட்டாட்டத்தில் தோற்றார் என்பதையும் மறைப்பதற்கில்லை. மாளிகை பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டபின் எஞ்சிய பக்கக் கட்டடங்கள் இரண்டனுள் ஒன்றிலேதான் பிற்காலத்தில் பள்ளி நடந்தது.

1860–61இல் ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளின் பள்ளிகளை அவர் நேரிற் கண்டார். மனப்பாடமும் அச்சமும் ஆட்சி செய்த வகுப்பறைகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. தம் பள்ளியில் வீட்டுப்பாடத்தையும் கட்டாய வருகையையும் நீக்கினார். மாணவர் விரும்பிய இடத்தில் அமரலாம், விரும்பாதபோது எழுந்து செல்லலாம். படையில் அணிவகுத்துப் பழகிய ஒருவர் நடத்திய பள்ளி இது.

எனினும் பழைய பழக்கம் எளிதில் அகலவில்லை. இதற்குச் சான்றாவது டால்ஸ்டாயின் சொந்த வாக்குமூலமே. 1862இல் அவர் நடத்திய 'யாஸ்னயா பொல்யானா' இதழில் வெளியான கட்டுரையொன்று, பள்ளியில் நிகழ்ந்த திருட்டைப் பற்றிக் கூறுகிறது. தண்டனையை மாணவரே முடிவு செய்தனர்: 'திருடன்' என்றெழுதிய துண்டைச் சிறுவனின் ஆடையில் தைப்பது. அதனை மிக வற்புறுத்தியவன், ஓராண்டுக்கு முன் 'பொய்யன்' என்ற துண்டை அணிந்திருந்த மாணவன். அத்தகைய தண்டனை தம் பள்ளியில் முன்பே வழங்கியதென ஆசிரியர் நாணத்துடன் ஒப்புக்கொள்கிறார். அச்சிறுவன் மீண்டும் திருட, துண்டு மீண்டும் தைக்கப்பட்டது. அவன் முகத்தைக் கண்ட டால்ஸ்டாய் வெட்கமுற்று, அதனைத் தம் கையாலேயே பிய்த்தெறிந்தார்.

மாற்றம் என ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், போர்க்களத்தைவிட இந்நிகழ்ச்சியையே சுட்டலாம் என்பது என் கருத்து. அடிப்பதை முன்பே வெறுத்தவர், அவமதிப்பதும் அடியே என்பதை ஒரு மாணவனின் முகத்திலிருந்து கற்றுக்கொண்டார்.

1862 கோடையில், அவர் ஊரில் இல்லாத வேளையில், காவற்படையினர் மறைவான அச்சகம் இருப்பதாக ஐயுற்று வீட்டைச் சோதனையிட்டனர். எதுவும் அகப்படவில்லை. அவ்விலையுதிர்காலத்தில் திருமணம் நிகழ்ந்தது, பள்ளி தளர்ந்தது, இதழும் பன்னிரண்டு வெளியீடுகளுடன் நின்றது. பத்தாண்டு கழித்து, 1872இல், குழந்தைகளுக்கான 'அரிச்சுவடி' நூலை அவர் வெளியிட்டார். அதற்கென எழுதிய கதைகளுள் ஒன்று 'காக்கேசியக் கைதி'. மலைவாழ் மக்களிடம் சிறைப்பட்ட படையதிகாரி ஒருவனின் கதை அது. காக்கேசியாவில் பணியாற்றியபோது டால்ஸ்டாய் தாமே அத்தகைய சிறைப்பிடிப்பிலிருந்து மயிரிழையில் தப்பியிருந்தார்.