சுவரில் பதிந்த கலைப்பாண்டம்: பினாங்கின் ஆங்கில டைல்களும் சேகரிப்பாளர் கடமையும்

ஆங்கிலக் கலைப்பாண்டங்களின் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் பூச்சாடியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் அடிப்புறத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்தே எழுதினார்கள். லண்டன் லாம்பெத்தில் டோல்டன் ஆலைக்காக ஈரக் களிமண்ணில் ஆடுகளையும் குதிரைகளையும் கீறிய ஹன்னா பார்லோவின் முத்திரை, சவுத்தாலில் விசித்திரப் பறவை முகச் சாடிகள் செய்த மார்ட்டின் சகோதரர்களின் கீறல், வில்லியம் மூர்கிராஃப்டின் பச்சைக் கையெழுத்து ஆகியவையே ஏலக் கூடங்களில் விலையை நிர்ணயிக்கின்றன. கையெழுத்து இல்லாதவை பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகின்றன.

இந்த அளவுகோலைப் பினாங்குக்குக் கொண்டுவந்தால் அது பயன்படாது. ஜார்ஜ் டவுனுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலப் பாண்டக் கலையில் மிகப் பெரும் பங்கு கண்ணாடி அலமாரிக்கு வரவில்லை. தரைக்கும் சுவருக்கும் கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையின் முகப்புக்கும் டைலாக வந்தது. பினாங்கில் ஆங்கிலக் கலைப்பாண்டத்தை ஆராய்பவர் கட்டடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும், டைல் இருக்கும் இடமே அதன் பாதிச் சான்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

டைல் ஆலைச் சரக்குதானே, அதைக் கலைப்பாண்டம் என்று எப்படிச் சொல்வது என்ற மறுப்பு உடனே எழும். மறுப்பு வலுவானதுதான். 1840இல் ரிச்சர்ட் புராசர் காப்புரிமை பெற்ற முறையில், ஏறக்குறைய உலர்ந்த களிமண் தூளை உலோக அச்சில் அழுத்தினால் ஒரே அளவில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஸ்டோக் நகரத்து ஹெர்பர்ட் மின்டன் அந்த உரிமையில் பங்கு வாங்கினார். டைல் பெருந்தொழிலாக வளர்ந்தது. ஆனால் அதே மின்டன் நிறுவனந்தான் 1871இல் லண்டன் கென்சிங்டனில் கலைப்பாண்டக் கூடம் ஒன்றைத் திறந்து, தட்டுகளோடு டைல்களுக்கும் கையால் வண்ணம் தீட்டச் செய்தது. கலைப்பாண்ட இயக்கத்தின் பெரும் பெயர்களில் ஒருவரான வில்லியம் டி மார்கன் வாழ்நாளில் அதிகம் செய்தது டைல்தான். 1893இல் மான்செஸ்டருக்கு அருகே டைல் ஆலையாகத் தொடங்கிய பில்கிங்டன், வால்டர் கிரேன், வாய்சி, லூயிஸ் டே ஆகியோரிடம் வடிவங்கள் வாங்கியது. அதே ஆலையிலிருந்து பின்னர் வெளிவந்த லங்காஸ்டிரியன் சாடிகளைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். சாடியைக் கலை என்றும் அதை ஈன்ற டைலைச் சரக்கு என்றும் பிரிப்பது சந்தையின் வசதிக்காக ஏற்பட்ட பழக்கம். வரலாற்றாசிரியர் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இயக்கத்தின் மெருகுகளும் நிறங்களும் ஆசியாவைப் பார்த்துப் பயின்றவை. டி மார்கனின் நீலமும் பச்சையும் துருக்கியின் இஸ்னிக் பாண்டங்களுக்குக் கடன்பட்டவை. லின்தார்ப் ஆலைக்கு வடிவங்கள் தந்த கிறிஸ்டோபர் டிரெசர் 1876-77இல் ஜப்பானில் பயணம் செய்தவர். பர்மிங்காமை அடுத்த ரஸ்கின் பாண்ட ஆலையின் ஹவ்சன் டெய்லர் சீனத்துச் செஞ்சுடர் மெருகைப் பிடிப்பதற்காக ஆண்டுக்கணக்கில் சூளையோடு போராடினார். ஆகவே சீன வணிகக் குடும்பம் ஒன்று தன் மாளிகைக்கு இங்கிலாந்திலிருந்து டைல் வரவழைத்ததை வெள்ளையர் மோகம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

மாளிகைகளையே பார்க்கலாம். சர்ச் தெருவில் 1890களில் கப்பித்தான் சுங் கெங் குவீ எழுப்பிய ஹை கீ சான், இன்றைய பினாங்கு பெரானாக்கான் மாளிகை. அங்கே சீன மரச்செதுக்குப் பலகைகளுக்குக் கீழே ஆங்கிலத் தரை டைல். அதைச் சுற்றி ஸ்காட்லாந்து வார்ப்பிரும்புத் தூண்கள். லீத் தெருவில் சியோங் ஃபாட் சேயின் நீல மாளிகையிலும் ஸ்டோக் டைல்களும் கிளாஸ்கோ இரும்பும் உண்டு. 1990களில் செப்பனிடப்பட்ட அந்த மாளிகைக்கு 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது. அதன் கூரையை அண்ணாந்து பார்த்தால் வேறொரு பாண்டக் கலை தெரியும்: வண்ணப் பீங்கான் கிண்ணங்களை வேண்டுமென்றே வெட்டி, சில்லுகளை இதழ் இதழாக ஒட்டிச் செய்த பூக்களும் பறவைகளும். கூரையில் தென்சீனக் கைவினைஞரின் வெட்டுப் பீங்கான், காலடியில் ஸ்டோக் தொழிலாளரின் பதிகளிமண். இரண்டையும் ஒரே வீட்டுக்காரர் ஒரே காலத்தில் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கட்டடம் மட்டுமே சொல்லும். டைலைப் பெயர்த்து அலமாரியில் வைத்த பிறகு அந்தத் தகவல் எங்கும் மிஞ்சாது.

தரை டைலும் சுவர் டைலும் செய்முறையிலேயே வேறுபட்டவை. தரைக்கான பதிகளிமண் டைலில் வண்ணக் களிமண்ணே உடலாக இருப்பதால், நூறாண்டு காலடி பட்டாலும் கோலம் அழிவதில்லை. சுவருக்கான மஜோலிக்கா டைல் மென்மையானது. ஆறங்குலச் சதுரத்தில் புடைத்த ரோஜாவோ துலிப் மலரோ இருக்கும். அதன்மேல் ஈயம் கலந்த வண்ண மெருகு ஊற்றப்பட்டிருக்கும். சூளையில் உருகும்போது மெருகு மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் இதழின் விளிம்பு வெளிறியும் மடிப்பு கருஞ்சிவப்பாகவும் தெரிகிறது. தூரிகை தொடாமலே நிழலும் ஒளியும் விழுந்துவிடுகின்றன. கடைவீட்டு முகப்பில் சன்னலுக்குக் கீழே வரிசையாக ஓடும் டைல்களை மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் பார்ப்பவருக்கு, ஒரே அச்சில் வந்த இரண்டு டைல்கள்கூட ஒன்றுபோல் இல்லை என்பது புரியும்.

ஆனால் அந்த வரிசையில் உள்ளவை எல்லாம் ஆங்கில டைல்கள்தாமா? விற்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மை சிக்கலானது. பெல்ஜியமும் ஜெர்மனியும் இதே சந்தைக்கு அனுப்பின. முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டபோது ஜப்பானிய ஆலைகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆங்கில வடிவங்களை அப்படியே பின்பற்றியதோடு நிற்காமல், இந்தியச் சந்தைக்காக இந்துத் தெய்வ உருவங்கள் பதித்த டைல்களையும் அவை வார்த்தன. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் அவற்றைக் காணலாம். பினாங்கில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் கட்டிய வீடுகளும் பினாங்குச் சீனர் கட்டிய வீடுகளும் ஒரே வகை டைலை விரும்பின என்பது தற்செயல் அன்று. இரு சமூகங்களும் ஒரே துறைமுகங்களில் பணம் ஈட்டின. ஒரே கப்பல் வழிகளில் சாமான் தருவித்தன. காரைக்குடியையும் ஜார்ஜ் டவுனையும் ஒரே அட்டவணையில் வைத்துப் படிக்கும் ஆய்வு மிகவும் வேண்டியிருக்கிறது.

எது எந்த நாட்டுச் சரக்கு என்பதை முகம் சொல்லாது, முதுகு சொல்லும். 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவான வடிவங்களுக்கு வைர வடிவ முத்திரை இருந்தது. பாண்ட வகைக்கு அதன் உச்சியில் ரோமன் நான்கு. 1884 முதல் பதிவு எண் வந்தது. அந்த எண் கிடைத்தால், யார் எந்த நாளில் வடிவத்தைப் பதிந்தார் என்பதைப் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளில் தேட முடியும். நாட்டின் பெயரைப் பொறிப்பது, அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் விளைவாக 1891க்குப் பிறகு பரவலானது. இவையெல்லாம் சுண்ணாம்புக் காரைக்குள் மறைந்திருப்பவை. டைல் பெயரும்போதுதான் வெளியே வரும். இங்கேதான் சேகரிப்பாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையே மெய்யான முரண் இருக்கிறது: இடத்தில் இருக்கும் டைல் வீட்டின் வரலாற்றைச் சொல்கிறது, ஆலையின் பெயரை மறைக்கிறது. பெயர்த்த டைல் ஆலையின் பெயரைச் சொல்கிறது, வீட்டை இழந்துவிடுகிறது.

பினாங்கில் இந்த இழப்பு வேகம் பிடித்ததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. பழைய கடைவீடுகளின் வாடகையை மிகக் குறைவாக வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. தலைமுறைகளாக இருந்த குடித்தனக்காரர்கள் வெளியேறினார்கள்; வீடுகள் கைமாறின; உள்ளே இருந்தவை தெருவுக்கு வந்தன. 2008 ஜூலையில் நகரம் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. 2011இல் மாநிலத்துக்கென்று மரபுடைமைச் சட்டமும் வந்தது. ஆனால் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே உள்ள பழைய வீட்டில் நான்கு டைல்கள் பெயர்வதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் சந்தையில் துணி விரித்து வைக்கப்படும் ஒற்றை டைலுக்கு ஊர் இருக்கிறது. தெருவும் வாசலும் இல்லை.

சேகரிப்பாளர் எல்லோரையும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. இடிபடவிருந்த வீடுகளிலிருந்து டைல்களை மீட்டவர்கள் இல்லையென்றால் பல வடிவங்கள் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும். மீட்டதைப் பாராட்டலாம். மீட்கும்போது எழுதி வைக்காததுதான் குறை. தொல்லியலாளர் பானை ஓட்டை எந்தக் குழியில், எந்த அடுக்கில் எடுத்தார் என்று குறிக்காமல் பைக்குள் போடுவதில்லை. 1900இல் சுட்ட டைலுக்கு மட்டும் அந்த ஒழுங்கு ஏன் வேண்டாம்?

இதற்கான வசதி பினாங்கிலேயே இருக்கிறது. கெலுகோரில், பழைய பிரிட்டிஷ் படைமுகாம் இருந்த நிலத்தில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் ஆய்வு மையமும் உண்டு, துவாங்கு ஃபௌசியா அருங்காட்சியகமும் உண்டு. பாண்டத்தை உடைக்காமலே எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் மெருகின் ஈயத்தையும் நிறம் தரும் உலோகங்களையும் அறியலாம். முத்திரை தெரிந்த டைல்களின் அளவீடுகளை ஒரு பட்டியலாகத் திரட்டினால், சுவரிலேயே இருக்கும் முத்திரை தெரியாத டைலை அதனுடன் ஒப்பிட்டு ஊகிக்க வழி பிறக்கும். ஆலை எது என்று அறிய டைலைப் பெயர்க்க வேண்டிய தேவையும் குறையும்.

அதுவரை, பழைய வீட்டைச் செப்பனிடும் உரிமையாளரும், கொத்தனாரும், டைல் வாங்குபவரும் ஒரு காரியம் செய்யலாம். கைவைப்பதற்கு முன் சுவரை முழுதாக ஒரு படம் எடுங்கள். பெயர்ந்த டைலின் முதுகை இன்னொரு படம் எடுங்கள். தெருவின் பெயர், கதவு எண், சுவர், வரிசை, தேதி ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு தாளில் குறித்து டைலோடு சேர்த்து வையுங்கள்.