பூச்சி விரட்டும் தாவரச் சாறுகள்

பயிரைத் தின்னும் பூச்சிகள் பயிரை அண்டாதபடியும், அண்டினாலும் வாய் வைக்காதபடியும் தடுக்கும் பொருட்டு, கசப்பும் காரமும் கடு நாற்றமும் உடைய தாவரங்களின் விதையிலிருந்தும் இலையிலிருந்தும் இறக்கப்படும் சாறுகளை நம் உழவர் பூச்சி விரட்டி என்று வழங்குவர். விரட்டி என்னும் அப்பெயரே இப்பொருளின் சுபாவத்தைப் பிழையின்றி உணர்த்துகிறது. பூச்சி மருந்து என்று எண்ணி இதைத் தெளித்துவிட்டு, மறுநாட் காலையில் செத்த புழுக்களைத் தேடி வரப்பில் நடப்பவர் ஏமாற்றமே அடைவர்.

1895-இல் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீரைக் கொண்டு, லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைவதற்கென அமைந்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், வாழையும் தென்னையும் பன்னீர்த் திராட்சையும் நெல்லுக்கு அண்டையிலேயே செழிப்பதால், பூச்சிகளுக்கு ஆண்டில் எம்மாதத்திலும் ஆகாரத்துக்குக் குறைவில்லை. ஆற்றுப் பாய்ச்சலை விட்டு ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களை அடைந்தாலோ, நீரின்மையைப் பொருட்படுத்தாத வேம்பு வரப்போரங்களில் தழைத்து நிற்பதைக் காணலாம். ஆதலின் இப்பிரதேசத்தில் தாவரச் சாறு என்றால் முதன்மையாக வேப்பமுத்துச் சாறே ஆகும்.

நெற்குதிரில் நொச்சித் தழையையும் வேப்பிலையையும் இட்டு வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் சாதாரணமாக இருந்தது. விஞ்ஞானிகளின் கவனம் இதில் திரும்பியது வெட்டுக்கிளிகளால். 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை பசுமை அனைத்தையும் தின்றொழித்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பியதை ஜெர்மானியப் பூச்சியியலறிஞர் ஷ்முட்டரர் கண்டார். 1962-இல் டெல்லியில், வேப்பம் பருப்பை அரைத்துக் கரைத்த நீர் தெளிக்கப்பட்ட பயிர்களில் வெட்டுக்கிளிகள் அமர்ந்தும் உண்ணாமல் விலகியதை இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரதான் முதலியோர் நிரூபித்தனர். இவ்வளவு காலம் பழகிவந்த பொருளின் பயனுக்கு அந்நியர் உரிமை கோரிய விசித்திரமும் நிகழ்ந்தது: வேப்பெண்ணெயால் பயிர்ப் பூசணத்தை ஒடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் அளித்த உரிமை, அம்முறை இந்திய உழவர் முன்னரே அறிந்தது என்ற வாதத்தின் பேரில் 2000-இல் ரத்தாகி, மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியாயிற்று. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வேம்பின் ஆற்றலுக்குப் பிரதான காரணமான அசாடிராக்டின் 1968-இல் விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு எவ்வளவு சிக்கலானதெனில், ரசாயனக் கூடத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கும் முயற்சி ஏறத்தாழ 22 ஆண்டுகள் நீடித்து 2007-இல்தான் சித்தித்தது. இப்பொருள் தோய்ந்த இலையைச் சுவைத்த புழு மேலும் உண்ண மறுக்கிறது; உண்டதோ, தோலுரிக்கும் பருவத்தை ஆளும் சுரப்பு தடுமாறுவதால், பழைய தோலிலேயே சிக்கி வளர்ச்சி குன்றி நாளடைவில் மடிகிறது. இலையைத் தின்னாத சிலந்திக்கோ பொறிவண்டுக்கோ இதனால் பெருந்தீங்கு இல்லை. கடுமையான செயற்கை மருந்துகள் சிலந்திகளை அழித்துவிட, நெல்லில் புகையான் முன்னிலும் பன்மடங்காகப் பெருகிய அநுபவத்தை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும். ஆனால், சூரிய கிரணங்கள் பட்டால் இச்சாற்றின் வீரியம் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். ஆகவேதான் மாலை வேளையில் தெளிப்பதும், புழு சிறிதாயிருக்கும்போதே தொடங்குவதும், மீண்டும் மீண்டும் தெளிப்பதும் இன்றியமையாதன.

5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவிட்டு, விடியற்காலையில் பால் நிறம் வருமளவும் கலக்கி, மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கினால் 5 சதவீதச் சாறு கிடைக்கும். இலையில் ஒட்டி நிற்பதற்காகச் சிறிது காதி சோப்புக் கரைசலைச் சேர்ப்பர். அன்று வடித்ததை அன்றே தெளித்துவிட வேண்டும்.

நொச்சி, ஆடாதொடை, எருக்கு, ஊமத்தை, ஆடுதின்னாப்பாளை ஆகியவற்றை ஊறவைத்து வடிக்கும் இலைக் கரைசல்களும், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலும் வழக்கிலுள்ளன. புகையிலைக் கஷாயத்தை மட்டும் இவற்றோடு ஒப்ப வைத்தல் தகாது. அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவும் மனித உடலுள் ஏறும் கொடிய விஷம்.

வேப்பமுத்தின் வயதும் கருதத்தக்கது. மூன்று மாதத்துக்குக் குறைந்ததும், எட்டு முதல் பத்து மாதத்தைக் கடந்ததும் பயன் குன்றியவை. பழங்கள் உதிரும் ஆனி, ஆடியில் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகும் சாக்கில் கட்டி வைத்தது ஐப்பசி வாக்கில் பக்குவமடைகிறது. பள்ளத்தாக்கில் இரண்டாம் போகத்துக்கு நாற்றுப் பாவும் காலமும் அதையொட்டியே வருவதால், அப்போகத்துக்கு அது வீரியம் குன்றாமல் உதவும். ஜூனில் அணை நீர் திறந்து தொடங்கும் முதல் போகத்துக்கோ கையிருப்பு முத்து பழையதாகிவிடுவதால், அப்பருவத்தில் கடையில் வாங்கும் வேப்பெண்ணெயையே பலரும் நாட வேண்டியிருக்கிறது.