சிவகாசி நிறங்களின் விண்மீன் வரலாறு

சிவகாசிப் பட்டாசுத் தொழிலின் வரலாற்றை, பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1923இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பியதிலிருந்து தொடங்குவது வழக்கம். வானம் பார்த்த கரிசல் நிலம் தராத பிழைப்பைத் தந்த அத்தொழில், தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்புக்கும், இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுச் சரக்கு குறைந்த 1940களில் பட்டாசுக்கும் விரிந்தது. எனினும் அது கையாளும் பொருள்களின் வரலாறு சூரியன் பிறப்பதற்கும் முந்தையது.

கம்பி மத்தாப்பில் அதைக் காணலாம். பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு 2018இல் தடை வரும்வரை, சட்டத்தில் வரிசையாகச் செருகிய கம்பிகளை, பேரியம் நைட்ரேட், அலுமினியப் பொடி, இரும்புத் தூள் ஆகியவற்றைப் பசையுடன் குழைத்த கலவையில் முக்கி வெயிலில் உலர்த்தி வந்தார்கள். பொறியாகத் தெறிக்கும் இரும்பில் பெரும்பகுதி, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறுமீன்கள் வெடித்துச் சிதறியபோது உண்டானது. அத்தகைய விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று 1930இல் இங்கிலாந்து சென்ற கப்பலில் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். இன்றைய மதிப்பில் அது சூரிய நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு.

தொழிலாளர் பச்சை உப்பு என்றழைக்கும் பேரியம் நைட்ரேட்டின் கதை வேறு. இரும்பைவிடக் கனமான பேரியம் போன்ற தனிமங்கள், அணுக்கரு நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வளர்வதால் உருவாகின்றன. முதிய செம்பெருமீன்களுக்குள் இது மெல்ல நிகழ்கிறது, பேரழிவு நிகழ்வுகளில் நொடிப்பொழுதில் முடிகிறது. நியூட்ரான் விண்மீன், அதாவது பெருவிண்மீன் வெடித்தபின் எஞ்சும் செறிந்த மையம், மோதலில் சிதைவதால் இந்த விரைவு வழி திறக்கலாம் என்று வானியற்பியலாளர்கள் ஜேம்ஸ் லாட்டிமரும் டேவிட் ஷ்ராமும் 1974இல் முன்மொழிந்தனர்.

அதற்குச் சான்று கிடைத்ததில் மத்தாப்பின் நிறத்துக்கு அடிப்படையான அறிவுக்கே பங்குண்டு. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளியை உமிழவோ விழுங்கவோ செய்யும் என்பதை வேதியியலர் புன்சனும் இயற்பியலர் கிர்க்காஃபும் 1859-60இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் தீச்சுடர்களைப் பிரித்துப் பார்த்து நிறுவினர். ஆய்வுக்கூட மேசையில் பிறந்த இந்த முறைதான் வானியலின் தலையாய கருவி என்பதில் ஐயமில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று, ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்ததை லைகோ, விர்கோ கருவிகள் ஈர்ப்பலைகளாக, அதாவது வெளியின் நடுக்கமாக, உணர்ந்தன. சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கி பதிந்த அதன் நிறமாலையில், அதாவது நிறங்களாகப் பிரித்த ஒளியில், வானியலாளர் டராக் வாட்சன் குழுவினர் 2019இல் ஸ்ட்ரான்சியத்தை அடையாளங்கண்டனர். சிவகாசி வாணங்களுக்குச் சிவப்பைத் தருவது அதே தனிமத்தின் உப்புகளே. ஆயினும் அச்சிவப்பு முழுவதும் மோதலில் பிறந்ததெனக் கொள்வது பிழை: பூமியிலுள்ள ஸ்ட்ரான்சியத்தில் பெரும்பங்கு முதிய விண்மீன்கள் மெல்லச் சமைத்து வெளியில் உதிர்த்தது, மோதல்களின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆய்வில் உள்ளது.