கெடு முடிந்த நாளில்: மூன்று அரசியலமைப்புகளும் ஆட்சிமொழிச் சிக்கலும்

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட பல்லின நாடுகளில் இந்தியா, இலங்கை, மலாயா ஆகிய மூன்றும் ஆங்கிலத்தின் இடத்தில் எந்த மொழியை வைப்பது என்ற கேள்விக்கு ஏறக்குறைய ஒரே விடையைத்தான் எழுதின. எண்ணிக்கையில் பெரிய சமூகத்தின் மொழிக்கு அரியணை, ஆங்கிலத்துக்கு ஒரு தவணை. இந்திய அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு கொடுத்தது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26இல் முடிந்தது. இலங்கையின் 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சிங்களத்துக்கு முழுமையாக மாறுவதற்கு 1960 டிசம்பர் 31 வரை அவகாசம் வைத்தது. மலாயா அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு விடுதலை நாளிலிருந்து பத்து ஆண்டு, அதன்பின் நாடாளுமன்றத்தின் விருப்பம் என்றது, அது 1967. எழுதிய விடை ஒன்றுபோல இருந்தும், கெடு முடிந்த நாளில் நடந்தவை முற்றிலும் வேறாக இருந்தன. சிறுபான்மைக்குத் தரப்பட்ட உறுதிமொழியின் வலிமையைக் கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. உறுதிமொழி எங்கே வலுவாக இருந்ததோ அங்கேதான் அது முதலில் உடைந்தது. மறுப்பைக் கொண்டுபோய் வைக்க, அதிகாரமும் நிதியும் உள்ள ஓர் ஆட்சிப்பீடம் சிறுபான்மையின் கையில் இருந்ததா என்பதே முடிவைத் தீர்மானித்தது.

இந்தியாவின் சட்ட வாசகத்தை மட்டும் படிப்பவருக்கு அது மாநிலங்களிடம் மிகவும் கஞ்சத்தனம் காட்டுவதாகவே தோன்றும். மூன்றாம் பிரிவின்படி எந்த மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றலாம்; மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அதன் ஒப்புதல் தேவையில்லை. மொழிவாரி மாநிலங்களை 1948இல் தார் ஆணையம் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவர் குழுவும் தள்ளிப்போடச் சொன்னது. ஆனால் 1952 டிசம்பரில் தனி ஆந்திரம் கோரிச் சென்னையில் உண்ணாவிரதமிருந்து பொட்டி ஸ்ரீராமுலு இறந்த பிறகு டெல்லியால் பிடிவாதமாக இருக்க முடியவில்லை. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிறந்தது. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 1956 நவம்பர் 1இல் பதினான்கு மாநிலங்கள் உருவாயின. மாநிலங்களை எளிதில் கலைக்க வழிவைத்த அதே மூன்றாம் பிரிவுதான் அவற்றை எளிதில் ஆக்கவும் உதவியது என்பது அரசியலமைப்பை எழுதியவர்கள் முன்கூட்டித் திட்டமிட்ட பயன் அல்ல. தற்செயலான நன்மை என்றே சொல்ல வேண்டும்.

இதன் பலன் 1965இல் தெரிந்தது. சென்னை மாநிலத்தில் மாணவர் போராட்டம், தீக்குளிப்புகள், துப்பாக்கிச் சூடு, ராணுவம் என்று இரண்டு வாரங்கள் ரத்தக் களரியாயின. ஒடுக்கியதும் மாநிலக் காங்கிரஸ் அரசுதான் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் கோபம் தெருவோடு நிற்கவில்லை. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி தந்தார். இரண்டு ஆண்டு கழித்து வாக்காளர்கள் மாநில ஆட்சியையே தி.மு.க.விடம் ஒப்படைத்தார்கள். மக்களவையில் காங்கிரசின் பலம் 520இல் 283 ஆகச் சுருங்கிய நிலையில்தான் 1967இன் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் வந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்கிறது அது. அதாவது, இந்தி பேசாத ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தடுப்பதிகாரம். அரசியலமைப்பு தராத இந்தப் பாதுகாப்பைத் தந்தது சாதாரணச் சட்டம் ஒன்றுதான். நாலே ஆண்டுக்கு முன்பு, 1963இல், பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்கவே வழியில்லாமல் செய்த பதினாறாம் திருத்தத்துக்குப் பின் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்ட கட்சி, அந்த மாநிலத்தின் கோட்டைக்குள் இருந்தே இந்தப் பேரத்தின் பலனைக் கண்டது.

இலங்கைக்கு வருவோம். சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை எந்த ஒரு சமூகத்தின் மீதும் நாடாளுமன்றம் சுமத்தக் கூடாது, மற்றவருக்கு இல்லாத சலுகையை எவருக்கும் வழங்கக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுத்தது. இந்திய அரசியலமைப்பில் இத்தனை கூர்மையான வாசகம் கிடையாது. அந்தப் பிரிவின் மை காயுமுன்பே 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமை, தேர்தல் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1947இல் ஏழு இடங்களை வென்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952இல் ஓர் இடமும் பெறவில்லை. கொடுமை அதோடு முடியவில்லை. தொகுதி பிரிக்கும்போது தோட்டத் தொழிலாளரின் தலைகள் எண்ணப்பட்டன. வாக்குப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் தொகையால் கிடைத்த இடங்கள் அக்கம்பக்கத்துச் சிங்கள வாக்காளருக்குப் போய்ச் சேர்ந்தன. கோடகன் பிள்ளை வழக்கில் 1953இல் லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்), இது குடிகள் யார் என வரையறுக்கும் சட்டமே தவிர ஒரு சமூகத்தின் மீதான பாகுபாடு அல்ல என்று கைவிரித்தது. மூன்றே ஆண்டில், 56க்கு 29 என்ற வாக்குகளில், சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று.

கெடு முடிந்தபோது தமிழரின் மறுப்புக்கு இரண்டே இடங்கள் இருந்தன. ஒன்று தெரு, மற்றது நீதிமன்றம். 1961 பிப்ரவரியில் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது வடக்கு கிழக்கின் மற்றக் கச்சேரிகளுக்கும் பரவியது. ஏப்ரலில் கட்சி சொந்தமாகத் தபால் சேவை தொடங்கி, தபால்தலை அச்சடித்து விற்றது. சில நாள்களில் அவசரகாலச் சட்டமும் ராணுவமும் வந்தன. தலைவர்கள் தடுப்புக் காவலுக்குப் போனார்கள். நீதிமன்ற வழி இதைவிட மெல்லச் செத்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் தேறாததால் 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் ஆட்சிமொழிச் சட்டம் 29(2)க்கு முரண் என்றது. 1967இல் உச்ச நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்காட முடியாது என்ற வேறொரு காரணம் காட்டித் தீர்ப்பைப் புரட்டியது. 1969இல் கோமறைக் கழகம் அந்தக் காரணம் தவறு என்று சொல்லி, அரசியலமைப்புக் கேள்வியைக் கீழே திருப்பி அனுப்பியது. பிறகு கோமறைக் கழகத்துக்கு மேல்முறையீடே ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பு 29(2)ஐயே கைவிட்டது. ஒற்றையாட்சியையும், பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும், சிங்கள ஆட்சிமொழியையும் அரசியலமைப்பில் பதித்தது. நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றம் ஆராயும் வழியையும் அடைத்தது. கோடீஸ்வரன் எழுப்பிய கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவே இல்லை.

இந்தியாவில் எந்த மொழியினரும் அறுதிப் பெரும்பான்மை அல்லர், இலங்கையில் சிங்களர் ஏறத்தாழ எழுபது விழுக்காடு; எண்ணிக்கையே விடை, பீடமெல்லாம் வீண் பேச்சு என்று ஒருவர் மறுக்கலாம். எண்ணிக்கைக்கு எடை உண்டு, ஆனால் அது தீர்ப்பு அல்ல என்பதற்குப் பாகிஸ்தான் சாட்சி. அங்கே வங்காளிகளே பெரும்பான்மை. 1952இல் டாக்காவில் மொழிப் போராட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, 1956 அரசியலமைப்பில் வங்காளமும் உருதுவோடு அரச மொழியாயிற்று. ஆனால் ஆட்சிப்பீடம் மேற்கிலேயே இருந்தது. 1970 தேர்தலில் அவாமி லீக் கிழக்கின் 162 பொது இடங்களில் 160ஐ வென்று நாட்டிலேயே தனிப்பெரும்பான்மை பெற்றும், அந்த அவை கூட்டப்படவில்லை. மறு ஆண்டு நாடு உடைந்தது. இலங்கையிலும் எண்ணிக்கை இயற்கையாக அமைந்த ஒன்று மட்டுமல்ல, குடியுரிமைச் சட்டத்தால் செதுக்கப்பட்டதும்கூட. பிரதேச சபைகளை ஏற்ற 1957இன் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம், அதே எண்ணிக்கையை வைத்துக்கொண்டே ஒரு பீடத்தை அமைக்க முடியும் என்று அந்நாட்டுப் பிரதமரே கருதியதைக் காட்டுகிறது. 1958 ஏப்ரலில், பிக்குகள் அவர் வீட்டு வாசலில் அமர்ந்த அன்று, அவரே அதைக் கைவிட்டார்.

மலாயா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே சீனருக்கோ இந்தியருக்கோ மாநிலம் இல்லை. பீடம் கூட்டணி அமைச்சரவைக்குள்ளேயே இருந்தது. மலாய்க்காரரின் சிறப்பு நிலையைப் பதினைந்து ஆண்டில் மறு ஆய்வு செய்யலாம் என்ற, அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் யோசனை நீக்கப்பட்டு, 153ஆம் பிரிவு கெடு இல்லாமலே எழுதப்பட்டது. பதிலாக, பிற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்ற உறுதி கிடைத்தது. 1967இன் தேசிய மொழிச் சட்டம் மலாயை ஒரே ஆட்சிமொழியாக்கினாலும் ஆங்கிலத்துக்குச் சற்று இடம் விட்டது; இரு பக்கத்துத் தீவிரர்களுக்கும் அது பிடிக்கவில்லை. மூடிய அறைப் பேரத்தின் பலவீனம் 1969 மே 13 கலவரத்தில் வெளிப்பட்டது. 1971 திருத்தத்துக்குப் பின் மொழி, சிறப்பு நிலை, குடியுரிமை பற்றிய பிரிவுகளை நாடாளுமன்றத்துக்குள்ளேகூடக் கேள்வி கேட்க முடியாது. தமிழ்ப்பள்ளிகள் பிழைத்தன, பேரத்தைத் திரும்பத் திறக்கும் உரிமை பிழைக்கவில்லை.

இந்தியாவின் பீடங்களும் டெல்லியின் கருணையில்தானே நிற்கின்றன என்ற கேள்வி நியாயமானது. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் மாநிலமே இரண்டு ஒன்றியப் பகுதிகளாயிற்று. ஆனால் அப்போது அதன் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. மாநிலத்தின் கருத்தை மாநிலத்திடம் கேட்காமல் நாடாளுமன்றமே தன்னிடம் கேட்டுக்கொண்டது. பீடம் காலியாக இருந்த நேரத்தில்தான் அது முடிந்தது என்பது இக்கட்டுரையின் வாதத்துக்குப் பாதகமல்ல. இலங்கையிலோ பீடம் பின்னர் எழுதப்பட்டும் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது: 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, மாகாண சபைகளையும் படைத்தது. வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013இல்தான் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் 2024 முடியும்வரை மறுதேர்தல் நடத்தப்படவில்லை. மாகாணத்தை ஆளுநரே நிர்வகித்தார்.